நல்ல பிள்ளை என்று எழுதிக் கொடுத்தேன்

"சேர், உங்கடை கடிதத்தை ஜட்ஜ் முழுக்க வாசிச்சவர்."

போன மாதம் ஒரு பின்னேரம் லண்டனில் இருந்து வட்ஸ்அப் அழைப்பில் வந்த செய்தி இது. (அவன் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு ஊர். எங்களுக்கு அந்தத் தீவு முழுவதுமே லண்டன்தான்.) சொன்னவன் நிரோசன். இதில் வருகிறவர்களின் உண்மைப் பெயர்கள் வேறு. என்னிடம் ஆங்கிலம் படித்தவன். படித்தவன் என்பது ஒரு மரியாதைக்கு... வகுப்பில் இருந்தவன்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் ஆங்கிலம் படிப்பித்த மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வெள்ளைக்கார நீதிபதி நான் எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார்!

"இங்கிலீஷைப் பற்றி ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"ஓம் சேர். எல்லாம் தெளிவா விளங்கினதாம். அதை வைச்சுத்தான் என்ரை கேஸை நிராகரிச்சவை."

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் இரண்டு வியாதிகளும் தெரியும். ஒன்று ஆங்கிலம். மற்றது சமாதான நீதவான் பதவி. ஊராரின் கடதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கிற, சம்பளம் இல்லாத பதவி அது. மேசை லாச்சிக்குள் ஒரு வட்ட முத்திரையும் ஒரு மைப்பெட்டியும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த முத்திரையைக் கடதாசியில் குத்தும்போது வருகிற சத்தம் இருக்கிறதே... ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குத்தான் அதன் சுகம் தெரியும்.

வேலைக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர், கலியாணம் பேசுகிறவர் என்று யார் வந்தாலும் என்னிடம் இருப்பது ஒரே கடிதம். பெயரை மட்டும் மாற்றுவேன். 'இன்னாரைச் சிறு வயது முதல் அறிவேன். கண்ணியமான குடும்பம். எந்த வம்பு தும்புக்கும் போகாதவர். ஊராரின் நன்மதிப்பைப் பெற்றவர்.' முடிந்தது. குத்து முத்திரையை!

இது என் கண்டுபிடிப்பில்லை. எங்கள் ஊர் வழக்கம். ஒரு பெடியனைப் பற்றிக் கலியாணத்துக்கு விசாரிக்க யாராவது வந்தால் என்ன சொல்வோம்? "தங்கமான பெடியன்" என்போம். அவன் எப்படிப்பட்டவன் என்பது அடுத்த கேள்வி. அதை வந்தவரும் கேட்கமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் நிரோசனின் அம்மா பரமேஸ்வரி வீட்டுக்கு வந்தார்.

"சேர், லண்டனிலை அவன்ரை கேஸுக்கு ஊரிலை இருந்து ஒரு கடிதம் வேணுமாம். நீங்கள்தான் தரவேணும். நல்லதா எழுதுங்கோ."

"நல்லதாத்தானே எழுதுவன்."

"பொலிஸ், ஆமி எண்டு ஒரு கரைச்சலும் இல்லாத பெடியன் எண்டதை வடிவாப் போட்டுவிடுங்கோ சேர். வெள்ளைக்காரன் நல்ல பிள்ளையளைத்தானே வைச்சிருப்பான்?"

நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. அத்தோடு அந்த நேரம் அவருடைய மகளுக்குச் சாவகச்சேரிப் பக்கத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தமையனைப் பற்றி ஒரு நல்ல கடிதம் வீட்டில் இருந்தால் அதுக்கும் உதவும்.

எழுதினேன். வழக்கமான கடிதம் என்றாலும் லண்டனுக்குப் போகிற கடிதமல்லவா? கடைசியில் ஒரு பந்தி கூடுதலாகச் சேர்த்தேன். எங்கள் கிராமம் எவ்வளவு அமைதியானது, கோயில் மணியோசையோடு மக்கள் எவ்வளவு நிம்மதியாக வாழ்கிறார்கள், இங்கே எவருக்கும் எவராலும் பயமில்லை... அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய பந்தி அது. அந்தப் பந்தியைத்தான் தீர்ப்பில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்களாம்.

ஊரில் உயிருக்குப் பயம் என்று சொல்லி அடைக்கலம் கேட்டு நிற்கிற ஒருவனுக்கு, ஊரில் ஒரு குறையுமில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். உலகத்திலேயே இப்படிச் செய்த ஒரே சமாதான நீதவான் நானாகத்தான் இருப்பேன் என்று வெட்கப்பட்டேன். பிறகு மெல்ல விசாரித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்!

"நீ வாசிச்சுப் பாக்கேல்லையோ?" என்று நிரோசனைக் கேட்டேன்.

"பாத்தனான் சேர். எல்லாம் பெரிய பெரிய சொல்லாயிருந்தது. சேர் நல்லதுதான் எழுதியிருப்பியள் எண்டு லோயரிட்டைக் குடுத்தன். அவர் மற்றப் பேப்பருகளோடை சேத்துக் கட்டி அனுப்பிவிட்டார்."

நிராகரித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? நான் நினைத்தேன், விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள், இல்லையென்றால் சும்மா விட்டுவிடுவார்கள் என்று. இரண்டுமில்லை. தங்கியிருந்த அறையைப் பூட்டித் திறப்பை வாங்கிவிட்டார்கள். சாப்பாட்டுச் சாமான் வாங்கக் கொடுத்திருந்த கார்ட் நின்றுவிட்டது. வேலை செய்ய அனுமதி இல்லை. இவ்வளவும் நடந்த பிறகு ஆளை ரோட்டில் விட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் சிநேகிதர்களின் சோபாவில் படுத்திருக்கிறான். சோபாக்கள் முடிந்த பிறகு பஸ் நிலையத்தில். பகல் முழுவதும் நூலகத்தில் இருப்பானாம், சூடாக இருக்கும் என்பதால். நான் படிப்பித்த காலத்தில் ஒரு நாள்கூட நூலகப் பக்கம் எட்டிப் பார்க்காத பிள்ளை!

அந்த ஊரில் இப்படித் தெருவில் நிற்பவர்களுக்கு உதவுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. கிழமையில் இரண்டு நாள் ஒரு தேவாலய மண்டபத்தில் சூடான சாப்பாடு கொடுக்கிறார்கள். பழைய கோட்டும் சப்பாத்தும் கொடுக்கிறார்கள். காசு வாங்காத ஒரு பெண் சட்டத்தரணியும் வந்து இருக்கிறார். வீட்டில் ஒரு அறை மிச்சமாக உள்ளவர்கள் அந்த அறையைக் கொஞ்சக் காலத்துக்கு இப்படி ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். நிரோசனுக்கு அப்படிக் கிடைத்தவர்தான் மாக்கிரட். ஆஸ்பத்திரியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தாதி. தனியாக இருக்கிறார்.

அவரை வீடியோவில் காட்டினான். இங்கே பின்னேரம், அங்கே மத்தியானம். குசினியில் நின்று ஏதோ வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு கை காட்டினார். நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் என்றாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

"வாடகை எவ்வளவு?"

"வாடகை இல்லை சேர்."

"அப்ப சமயம் மாறச் சொல்லுறாவோ?"

"அவவே சேர்ச்சுக்குப் போறேல்லை சேர்."

"பிறகேன் உன்னை வைச்சிருக்கிறா? கேள் பாப்பம்."

கேட்டான். அவர் வெட்டுவதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். அறை சும்மாதான் கிடந்தது என்றார். அவ்வளவுதான் பதில்.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. மாடி, டைல்ஸ், மூலைக்கு மூலை கமெரா. சொந்தக்காரர்கள் கனடாவில் இருந்து கமெராவில் வீட்டைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவது முற்றத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கும் எங்கள் ஒழுங்கை நாய்தான். அதுக்காவது ஒரு இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

இங்கேதான் நான் அடுத்த பிழையை விட்டேன்.

"ஏன்டா தம்பி அங்கை கிடந்து கஷ்டப்படுறாய்? இஞ்சை அம்மா இருக்கிறா, வீடு இருக்கு. திரும்பி வாவன்."

அவன் வீடியோவை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"சேர், அண்டைக்கு நீங்கள் சைக்கிளைத் திருப்பினதை நான் வானுக்குள்ளை இருந்து பாத்தனான்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிரோசன் இங்கே இருந்தபோது லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற தொழில் செய்தவன். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவன்தான். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, காணாமற்போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் யாழ்ப்பாணத்தில் ஒரு போராட்டம் வைத்தார்கள். அதுக்கும் அவன்தான் ஸ்பீக்கர் கட்டினான். அடுத்த கிழமை ஒரு பின்னேரம் சந்திக் கடைக்கு முன்னால் ஒரு வான் வந்து நின்றது. சிவில் உடுப்பில் நாலு பேர் இறங்கி அவனை ஏற்றினார்கள். பதினொரு நாள் கழித்துத்தான் அவன் வீட்டுக்கு வந்தான். எங்கே இருந்தான், என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் வெளிநாடு போய்விட்டான்.

அந்தப் பின்னேரம் நான் பேப்பர் வாங்கச் சந்திக்குப் போயிருந்தேன். அவனை ஏற்றியதைக் கண்டேன். சைக்கிளைத் திருப்பி மற்ற ஒழுங்கையால் வீட்டுக்கு வந்துவிட்டேன். பேப்பரும் வாங்கவில்லை. மனைவிக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் 'எவருக்கும் எவராலும் பயமில்லை' என்று எழுதியபோது அது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டுத்தான் எழுதினேன்.

"குறையாச் சொல்லேல்லை சேர்," என்றான் நிரோசன். "ஆராயிருந்தாலும் அப்பிடித்தான் போயிருப்பினம். ஆனால் நீங்கள் பாத்தனீங்கள். எனக்கு இப்ப அதுதான் வேணும்."

விஷயம் இதுதான். புதிய சாட்சி ஒன்று கொடுத்தால் அவனுடைய வழக்கை அவர்கள் மறுபடி பார்ப்பார்கள். பார்த்து முடிக்கும் வரைக்கும் தங்க ஒரு இடமும் கொடுப்பார்கள். கண்ணால் கண்டவரின் கடிதம் வேண்டும் என்று தேவாலய மண்டபத்துக்கு வருகிற அந்தச் சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். மாக்கிரட்டின் மகள் கைக்குழந்தையோடு மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறாள். அந்த ஒரு அறைதான் இருக்கிறது. அதுக்குள் கடிதம் போகாவிட்டால் மறுபடியும் பஸ் நிலையம். அப்போது அங்கே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

"அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ சேர். எனக்குத் தனி வீடு இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அன்று பொழுதுபட்டும் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். இதை எழுதினால் யாராவது என் வீட்டுக்கு வந்து விசாரித்தால்? முன்பு எழுதியது பொய் என்று ஒத்துக்கொண்டால் முத்திரைக்கு என்ன மரியாதை? கடைசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சைக்கிள் திருப்பியது உட்பட. உங்களுக்கென்ன விசரோ, பேசாமல் இருங்கோ என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பொய் எழுதேக்கை வராத பயம் உண்மை எழுதேக்கை ஏன் உங்களுக்கு வருது?"

முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். அன்றைக்கு என்னை ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அடுத்த நாள் பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் அவருடைய வீட்டுக் கதையை எப்படி எழுதுவது? அவர் சந்தோஷமாகக் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். குசினியில் நிற்கும் நிரோசன்.

"பாத்தியளே சேர், என்ரை மகன்ரை குசினி. எவ்வளவு துப்புரவா வைச்சிருக்கிறான்!"

அந்தக் குசினியை நான் முதல் நாள்தான் பார்த்திருந்தேன். மெல்லச் சொன்னேன். கேஸ் தோற்றதையும், அறை போனதையும், அந்தக் குசினி ஒரு தாதியினுடையது என்பதையும். நிரோசனுக்குக் கொடுத்த வாக்கு காற்றோடு போயிற்று. பஸ் நிலையத்தை மட்டும் சொல்லவில்லை. (அவர் பேப்பர் வாசிப்பதில்லை.)

அவர் படத்தைத் திரும்பவும் பார்த்தார்.

"அப்ப இது அவன்ரையில்லையோ?"

"இல்லை."

"சேர்... வானிலை கொண்டுபோனதைப் போடாமல் எழுத ஏலாதோ? மகளின்ரை வீட்டுக்காரருக்கு அதுகள் ஒண்டும் தெரியாது. மறைச்சுத்தான் செய்து குடுத்தனாங்கள்."

"அதைப் போடாட்டில் எழுதிப் பிரயோசனமில்லை."

தலையைக் குனிந்து சேலைத் தலைப்பால் அந்தப் போனின் கண்ணாடியைத் துடைத்தார்.

"போடுங்கோ. எல்லாத்தையும் போடுங்கோ. வேறை ஆரும் சொல்லிச் சம்பந்தியம்மாவுக்குத் தெரியிறதை விட நானே போய்ச் சொல்லுறன்."

சொன்னபடி அடுத்த நாள் பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போனார். சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சம்பந்தியம்மா எழும்பிப் போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாராம்: "எங்கடை மூத்தவனையும் ஒருக்கா உப்பிடித்தான் கொண்டுபோனவை. கலியாணம் குழம்பிப்போகும் எண்டு நாங்களும் உங்களுக்குச் சொல்லேல்லை."

இரண்டு வீட்டுக்காரரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துச் சம்பந்தம் செய்திருக்கிறார்கள்! இரண்டு பக்கமும் விசாரித்தபோது ஊர் என்ன சொல்லியிருக்கும்? தங்கமான குடும்பம் என்றுதான். அதில் ஒரு பக்கத்துக்கு நானே சொன்னேன். பிறகு இரண்டு தாய்மாரும் சேர்ந்திருந்து அழுதுவிட்டுப் புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டார்களாம்.

நான் மேசையில் இருந்தேன். இந்தமுறை அகராதி எடுக்கவில்லை. என்ன கிழமை, எந்தச் சந்தி, வானின் நிறம், எத்தனை பேர், அவன் அன்று போட்டிருந்த சேட்டின் நிறம். பதினான்கு வரிதான் வந்தது. ஒரு கடிதத்தை இவ்வளவு சுருக்கமாக நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. போனில் அனுப்பினேன்.

அடுத்த நாள் சட்டத்தரணியிடமிருந்து பதில். கடிதம் நல்லது, ஆனால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: முன்னர் வேறுவிதமாக எழுதியது ஏன்? அதையும் ஒரு வரியில் சேர்க்கவும்.

ஒரு வரி! அந்த ஒரு வரிக்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது. முதலில், 'நிலவிய கலாசாரப் பின்னணி காரணமாக' என்று தொடங்கி நாலு வரி எழுதினேன். மனைவி வாங்கிப் பார்த்தாள். அவளும் ஆங்கில ஆசிரியைதான், என்னைவிடக் கெட்டிக்காரி.

"உதிலை கையெழுத்து வைச்சது நீங்களோ, கலாசாரமோ?"

கிழித்தேன். அடுத்ததாக, வயது காரணமாக ஞாபக மறதி என்று எழுதினேன். அவள் சேட்டின் நிறம் எழுதிய வரியில் விரலை வைத்தாள். அதையும் கிழித்தேன். கடைசியில் எழுதியது இது: 'அன்று கண்டதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.'

முத்திரை குத்தினேன். வழக்கமான சத்தம் வந்தது. வழக்கமான சுகம் வரவில்லை. அப்படியே படமெடுத்து லண்டனுக்கு அனுப்பிவிட்டேன்.

மாதக் கடைசியில் மாக்கிரட்டின் மகள் குழந்தையோடு வந்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. தாயும் மகளும் கதைத்து, மகள் குழந்தையோடு வரவேற்பறையில் படுத்துக்கொண்டாள். எட்டு நாள்! பெற்ற மகளை சோபாவில் படுக்க வைத்துவிட்டு, முன்பின் தெரியாத மானிப்பாய்ப் பெடியனுக்கு அறை. எங்கள் வீடு என்றால் இதுக்கு எத்தனை பேர் மாதக் கணக்கில் கோபம் கொண்டாடியிருப்போம்?

போன வியாழக்கிழமை நிரோசன் போனில் அழைத்தான். வழக்கை மறுபடி பார்க்க ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். வேறொரு ஊரில் நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். மாக்கிரட்டே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, போகும்போது ஒரு சட்டியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முடிவு வர மாதக் கணக்காகும். வெல்லலாம், தோற்கலாம். அது வரைக்கும் அவனுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கும்.

"சேர், லோயர் சொன்னவா, உங்கடை கடிதத்திலை ஆகப் பலமானது அந்தக் கடைசி வரியாம்."

"எது, பயம் எண்டதோ?"

"ஓம் சேர். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு சமாதான நீதவானே பயப்பிடுறார் எண்டால், லவுட்ஸ்பீக்கர் கட்டினவன் பயப்பிட்டதிலை என்ன பிழை எண்டு கேக்கப் போறாவாம்."

எத்தனையோ பேரை நல்லவர்கள், வல்லவர்கள் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி என்று வைத்த ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் ஒருவனுக்குப் படுக்க ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது!